நீ எடுக்கலைன்னு எனக்குத் தெரியும்

அன்பு மகள் சிட்டுவுக்கு அப்பா எழுதறது. நானும் உங்க அம்மாவும் இங்க நல்லபடியா நடமாடிக்கிட்டு இருக்கோம், அம்மாவுக்கு முட்டிவலி மட்டும் மாடிப்படியைப் பார்த்தா வருது, சமதரையைப் பார்த்தா போயிடுது. நீ அங்க உடம்புக்கு ஒண்ணும் இல்லாம, வேளாவேளைக்குச் சாப்பிட்டு, நல்லாத் தூங்கி இருக்கணும், எங்களுக்கு வேற என்ன வேணும். வாரம் தவறாம போன்ல பேசறோமே, இந்த மனுஷன் எதுக்குப் பேப்பரும் பேனாவுமா உட்கார்ந்தாருன்னு நீ நினைப்பே. போன்ல நான் பேசற அழகு உனக்கே தெரியும். சாப்பிட்டியாம்மான்னு நான் கேட்பேன், சாப்பிட்டேன்பா நல்லா இருக்கேன்பான்னு நீ சொல்லுவே, அதோட போனை அம்மா கையில குடுத்துட்டு நான் டிவி சத்தத்தைக் குறைக்கப் போயிடுவேன். ரெண்டு வருஷமா நமக்குள்ள இதே ரெண்டு வாக்கியம்தான் ஓடுது. அது ஏன்னு எனக்குப் புரியாம இல்ல. போன்லயே சொல்லிடணும்னு நாலு தடவை பார்த்தேன், நாலு தடவையும் நாக்கு மேலண்ணத்துல ஒட்டிக்கிச்சு. அதனாலதான் கடிதம். இருபத்தாறு வருஷம் மனநல வார்டுல நோயாளிங்களைப் பத்தி பக்கம் பக்கமா எழுதின கை, சுருக்கமா எழுத வராது. ஒரு டீ போட்டுக்கிட்டு உட்காரு.

அத்தைக்கு உடம்பு சரியில்லன்னு அம்மா உன்கிட்ட சொல்லியிருப்பா. அதுக்கு மேல சொல்ல வேணாம்னு நான்தான் தடுத்து வச்சிருந்தேன், அதுக்காக அம்மாவைக் கோவிச்சுக்காதே. உன் அத்தை ஆறு மாசமா நான் வேலை பார்க்கற முதியோர் மனநல இல்லத்துலதான் இருக்காங்க. நான் இருக்கறது மேல் மாடி வார்டு, அவங்க இருக்கறது கீழ்த்தளம், தோட்டத்தைப் பார்த்த அறை. அவங்களுக்கு டிமென்ஷியா, அதான் மறதி நோய். கூடவே மனச்சோர்வும் இருக்கு, சந்தேக நோயும் இருக்கு. மூணும் ஒண்ணோட ஒண்ணு பின்னிக்கிட்டு இருக்குன்னு எங்க டாக்டரம்மா சொல்றாங்க.

எப்படித் தெரிஞ்சுதுன்னு சொல்றேன். அத்தை எடையளவு இன்ஸ்பெக்டரா இருந்து ரிட்டயர் ஆனதுக்கு அப்புறமும் தெருவுல எந்தக் கடையையும் நிம்மதியா விட்டதில்லன்னு உனக்குத் தெரியும்ல, கையில பை இருக்கோ இல்லையோ தராசு மேல ஒரு கண்ணு இருக்கும். ஒரு நாள் காலையில அந்தத் தெருக்கோடி காய்கறிக்கடைக்காரர் எனக்குப் போன் பண்ணினார். சார், உங்க அக்கா இன்னைக்கு மூணாவது தடவையா வந்து தராசைச் செக் பண்றாங்க, முதல் தடவை திட்டினாங்க, ரெண்டாவது தடவையும் அதே வார்த்தையில திட்டினாங்க, இப்ப திட்டாம தக்காளிக் கூடைக்குப் பக்கத்துல தரையில உட்கார்ந்து அழறாங்க, வீடு எந்தப் பக்கம்னு கேட்கறாங்கன்னு சொன்னார். அந்தக் கடையிலேருந்து அவங்க வீட்டு ஜன்னல் தெரியும் சிட்டு. நான் ஓடிப் போனப்போ அவரு ஒரு ஸ்டூல் போட்டு உட்கார வச்சு, வர்றவங்க வேடிக்கை பார்க்காம இருக்க முன்னாடி ஒரு சாக்கை மறைச்சுக் கட்டியிருந்தாரு. இருபது வருஷமா அத்தைகிட்ட வாங்கிக் கட்டிக்கிட்ட மனுஷன் அவரு. அந்தச் சாக்கை மட்டும் நான் மறக்கவே மாட்டேன்.

அத்தையைக் கூட்டிக்கிட்டு வீட்டுக்குப் போனேன். வாசக்கதவுக்கு நாலு பூட்டு. உள்ள போனா அடுப்புல ஒரு பாத்திரம் கருகி ஒட்டிக் கிடக்குது, சர்க்கரை டப்பாவுல சீப்பு, தலையணை உறைக்குள்ள கரண்டி. அதைவிட, எல்லா அலமாரிக் கதவுலயும் உள்பக்கமா சீட்டு சீட்டா ஒட்டியிருந்தாங்க. பழைய ஆபீஸ் படிவத்தைக் கிழிச்சு அதோட பின்பக்கத்துல எழுதினது. அத்தை எதை எழுதினாலும் தேதி போடாம விட மாட்டாங்கல்ல, ஒவ்வொண்ணுலயும் தேதி, கீழ சின்னக் கையெழுத்து. மாத்திரை போட்டாச்சு, மறுபடி போடாதே. கீழ் வீட்டுக்காரரை நம்பாதே. கேஸ் மூடு. இப்படி. அதுக்கு நடுவுல ஒண்ணு, தம்பி மகள் வந்தால் கதவைத் திறக்காதேன்னு. அதைப் படிச்சப்போ எனக்கு முதல்ல கோவம்தான் வந்துது, உன்கிட்ட எதையும் மறைக்கக் கூடாதுன்னு தீர்மானம் பண்ணித்தான் எழுதறேன். அதைப் பிடுங்கிக் கசக்கிட்டேன். அப்புறம் அதுக்குக் கீழ பழைய சீட்டு ஒண்ணு, ஓரமெல்லாம் மஞ்சளாகி, பாதி கிழிஞ்சு இருந்துது. அதுல எழுதியிருந்தது இதுதான்: இன்று வீட்டுக்கு வர வழி தெரியாமல் முக்கால் மணி நேரம் நின்றேன். தம்பிக்குத் தெரியக் கூடாது. அவன் பார்க்கிற நோயாளி மாதிரி என்னைப் பார்ப்பான்.

அந்தச் சீட்டுல இருந்த தேதியை நான் விரல் வச்சு மூணு தடவை படிச்சேன். நீ ஊருக்குக் கிளம்பினதுக்கு ஏழு மாசம் முன்னாடித் தேதி.

புரியுதா சிட்டு. வாட்ச் விவகாரத்துக்கு ஏழு மாசம் முன்னாடியே அத்தைக்கு இது ஆரம்பிச்சிடுச்சு. அவங்களுக்கே தெரிஞ்சிருக்கு, பயந்திருக்காங்க, என்கிட்டேருந்துதான் மறைச்சிருக்காங்க. நான் அவங்க சமையலறைத் தரையில உட்கார்ந்துட்டேன். அத்தை வந்து என் தோளைத் தொட்டு, என்னடா தம்பி தலை சுத்துதா, தண்ணி தரட்டுமான்னு கேட்டாங்க.

அந்த நாளை நான் திரும்ப எழுதித்தான் ஆகணும், உனக்கு அது ஒரு நாளும் மறந்திருக்காது, எனக்கும் மறக்கலன்னு உனக்குத் தெரியணும். நீ கிளம்பறதுக்கு முந்தின நாள், வழியனுப்ப எல்லாரும் மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்திருந்தாங்க. பெட்டியெல்லாம் கட்டி கூடத்துல வச்சிருந்தே. சாப்பிட்டுக்கிட்டு இருக்கும்போதே அத்தை எழுந்து, மாமா நினைவா வச்சிருந்த கைக்கடிகாரத்தைக் காணோம், போன வாரம் இவதான் என் வீட்டுக்கு வந்தா, இவளைத் தவிர யாரும் வரலன்னு எல்லார் முன்னாடியும் சொன்னாங்க. நீ சிரிச்சே, விளையாட்டுன்னு நினைச்சே. அவங்க நேரா போய் உன் பெட்டியைத் திறந்து ஒவ்வொரு துணியா வெளிய எடுத்துப் போட்டாங்க. உன் உள்துணி வரைக்கும் கூடத்துல கிடந்துது. உன் சித்தப்பா தலையைக் குனிஞ்சுக்கிட்டார், பெரியம்மா அம்மாவைப் பார்த்தா, அம்மா என்னைப் பார்த்தா. நீயும் என்னைத்தான் பார்த்தே. பெட்டியில வாட்ச் இல்ல. இருந்தாலும் அத்தை விடல, ஒளிச்சு வச்சிருப்பா, வித்திருப்பான்னு சொல்லிக்கிட்டே இருந்தாங்க. அப்பத்தான் நான் அதைச் சொன்னேன். ஊருக்குப் போற நேரத்துல எதுக்கு வம்பு, பெரியவங்ககிட்ட ஒரு வார்த்தை மன்னிப்பு கேட்டுடும்மான்னு. நீ என்னைப் பார்த்தபடியே, சாரி அத்தைன்னு சொன்னே. அப்புறம் உட்கார்ந்து ஒவ்வொரு துணியா மடிச்சு வச்சே. மறுநாள் அந்தப் பெட்டியைத் தூக்க நான் கையை நீட்டினப்போ, வேணாம்பா நானே தூக்கிக்கறேன்னு சொன்னே. மரியாதையாத்தான் சொன்னே. இன்னைக்கு வரைக்கும் மரியாதையாத்தான் பேசறே.

என் வேலை என்னன்னு யோசிச்சுப் பாரு. அப்பா என்னைத் திருடன்னு சொல்றாருன்னு அழுதுக்கிட்டு வர்ற மகன்களையும், மாமியார் சாப்பாட்டுல விஷம் வச்சேன்னு சொல்றாங்கன்னு நிக்கற மருமகள்களையும் தினம் உட்கார வச்சுத் தண்ணி குடுத்து, இது அவங்க இல்லம்மா, இது நோய், மனசுல வச்சுக்காதீங்கன்னு சொல்றவன் நான். பொருளைக் கண்ட இடத்துல வச்சுட்டு, வச்சது ஞாபகம் இல்லாம, பக்கத்துல இருக்கறவங்க மேல பழி போடறது இந்த நோயோட முதல் பாடம். பயிற்சிக்கு வர்றவங்களுக்கு முதல் நாள் வகுப்புலயே நான் சொல்லிக் குடுக்கறது. அந்த வருஷம் அத்தை ஒரே கேள்வியை மூணு தடவை கேட்டாங்க, நச்சரிப்புன்னு நினைச்சேன். பேப்பர் படிக்கறதை நிறுத்தினாங்க, கண்ணாடி மாத்தணும் போலன்னு நினைச்சேன். எல்லாரையும் சந்தேகப்பட்டாங்க, அதுக்குத்தானே சம்பளம் வாங்கினாங்கன்னு நானே ஜோக் அடிச்சேன். வேற வீட்டு மனுஷங்க இதே மூணையும் சொல்லியிருந்தா அன்னைக்கே டாக்டர்கிட்ட அனுப்பியிருப்பேன். என் வீட்டுல கண்ணு தெரியல.

டாக்டரம்மா அத்தையைப் பரிசோதிச்சப்போ நீ இருந்திருக்கணும், அழுகையிலயும் சிரிப்பு வந்துது. ஒரு கடிகாரம் வரைஞ்சு பதினொண்ணு பத்து காட்டுங்கன்னு பேப்பரை நீட்டினாங்க. அத்தை பேப்பரைத் திருப்பித் திருப்பிப் பார்த்துட்டு, இதுல ஆபீஸ் முத்திரை இல்ல, முத்திரை இல்லாத தாள்ல நான் எதுவும் போட மாட்டேன்னு சொல்லிட்டாங்க. டாக்டரம்மா அசரல, மேசை டிராயரைத் திறந்து முத்திரையைக் குத்திக் குடுத்தாங்க. அப்புறம் அத்தை வரைஞ்சாங்க. எண்ணெல்லாம் ஒரே பக்கமா, ஒண்ணு மேல ஒண்ணா, பஸ்ஸுல ஏற நெரியற மாதிரி. வரைஞ்சு முடிச்சதும் அவங்களே பார்த்து, இது சரியில்லல்ல தம்பின்னு மெதுவாக் கேட்டாங்க. போன ஞாபகம் திரும்பாது, ஆனா மனச்சோர்வுக்கு மருந்து இருக்கு, பயம் குறையும், சாப்பாடு தூக்கம் திரும்பும், ஆறேழு வாரம் பொறுக்கணும்னு டாக்டரம்மா சொன்னாங்க. பாதியாவது திரும்பும்னு கேட்டதே எனக்குப் பெரிசா இருந்துது.

இல்லத்துல ஒரு விதி உண்டு, ஊழியர்கள் தங்களோட சொந்தக்காரங்களைத் தாங்களே பார்த்துக்கக் கூடாது. தலைமை நர்ஸ் என்னைக் கூப்பிட்டு, கீழ்த்தளத்துல நீங்க நர்ஸ் இல்ல, தம்பி மட்டும்தான், யூனிஃபார்மைக் கழட்டிட்டு நாலு மணிக்கு மத்தவங்களோட வரிசையில வாங்கன்னு சொன்னாங்க. எனக்குச் சுருக்குன்னு இருந்துது. மண்டையை ஆட்டிட்டு, மருந்து நேரத்துல ஒரு சாக்கு, துணி மாத்தற நேரத்துல ஒரு சாக்குன்னு கீழ போய் எட்டிப் பார்க்கறதும், படுக்கை இப்படிப் போடக் கூடாது தண்ணி இப்படித் தரக் கூடாதுன்னு அதிகாரம் பண்றதுமா இருந்தேன். அத்தையைப் பார்த்துக்கறவங்களுக்கு விசிலம்மான்னு பேரு வச்சிருக்கோம், எந்த அறைக்குப் போனாலும் வாசல்லயே மெல்ல ஒரு விசில் அடிச்சுட்டுத்தான் உள்ள போவாங்க, திடுதிப்புன்னு ஆள் முன்னாடி நின்னா நோயாளிங்க பயந்துடுவாங்கல்ல, அதுக்காக. என்னோட அதிகாரத்தையெல்லாம் அவங்க ஒரு வாரம் பொறுத்துக்கிட்டாங்க.

ரெண்டாவது வாரம் ஒரு நாள் நான் போகும்போது அத்தை விசிலம்மா கையைப் பிடிச்சுக்கிட்டு, என் வாட்சை எடுத்தவ நீதான், குடுடின்னு கத்திக்கிட்டு இருந்தாங்க. வாட்சுங்கற சொல்லு காதுல விழுந்ததும் எனக்கு என்ன ஆச்சுன்னே தெரியல. நடுவுல புகுந்து, உன் வாட்சை யாரும் எடுக்கல அக்கா, யாருமே எடுக்கல, நீயே எங்கயோ தொலைச்சுட்டு எல்லாரையும் சொல்றேன்னு கத்திட்டேன். இருபத்தாறு வருஷத்துல ஒரு நோயாளிகிட்டக் கூட நான் குரலை உயர்த்தினதில்ல. அன்னைக்குக் கூடத்துல உனக்காகச் சொல்லியிருக்க வேண்டிய வாக்கியம் அது, ஒன்றரை வருஷம் கழிச்சு, புரிஞ்சுக்க முடியாத ஒரு ஜீவன்கிட்டப் போய்ச் சொல்றேன். அத்தை என்னைப் பார்த்தபடியே பின்னாடி பின்னாடி போய், கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவுல உட்கார்ந்து போர்வையைத் தலை வரைக்கும் இழுத்துக்கிட்டாங்க. ரெண்டு நாள் யார் குடுத்தும் சாப்பிடல. நான் உடை மாத்தற அறையில போய்க் கதவைச் சாத்திக்கிட்டேன்.

விசிலம்மா என்னை ஒரு வார்த்தை திட்டல. மூணாவது நாள் நாலு மணிக்கு என்னை வாசல்ல நிறுத்தி, அண்ணே சும்மா பாருங்கன்னு சொல்லிட்டு உள்ள போனாங்க. அத்தை மறுபடி வாட்சைக் காணோம்னு ஆரம்பிச்சாங்க. விசிலம்மா கையிலிருந்த துணியைக் கீழ வச்சுட்டு, அய்யயோ காணோமா, அது முக்கியமான பொருளாச்சே, யாரு குடுத்ததுன்னு கேட்டாங்க. என் வீட்டுக்காரர்னு அத்தை சொன்னாங்க. அவரு எப்படி இருப்பாரு, உயரமா குட்டையான்னு கேட்டுக்கிட்டே முதல் டிராயரை ரெண்டு பேருமா திறந்தாங்க, ரெண்டாவதைத் திறந்தாங்க, மூணாவதைத் திறக்கறப்போ அத்தை மாமா சைக்கிள்லேருந்து விழுந்த கதையைச் சொல்லிச் சிரிச்சுக்கிட்டு இருந்தாங்க. வாட்ச் எங்கயோ போயிடுச்சு, அவங்க தேடினது கிடைச்சிடுச்சு. நான் ஊருக்கெல்லாம் சொல்லிக் குடுக்கறது இதேதான் சிட்டு. சொந்த அக்காவுக்கு எனக்கு வரல. அன்னையிலேருந்து நாலு மணிக்கு வரிசையில நின்னு, கையெழுத்துப் போட்டுட்டு, தம்பியா மட்டும் உள்ள போறேன்.

இப்ப நல்லா இருக்காங்க, நல்லான்னா அவங்க அளவுல நல்லா. ஆறேழு வாரத்துல மருந்து வேலை செய்ய ஆரம்பிச்சுது, அழுகை நின்னுது, மூணு கிலோ ஏறியிருக்காங்க. குளிக்க மாட்டேன்னு அடம் இருந்துது, இப்ப துண்டைச் சூடு பண்ணித் தோள்ல போட்டு, அடுத்து கையில தண்ணி ஊத்தப் போறேன், அடுத்து காலுலன்னு ஒவ்வொண்ணா சொல்லிச் சொல்லி ஊத்தறாங்க, சண்டை இல்ல. கண்ணாடியில யாரோ ஒரு கிழவி முறைக்கறான்னு பயந்தாங்க, கண்ணாடியைக் கழட்டிட்டாங்க. எல்லாத்தையும் விட பெரிய மருந்து விசிலம்மா யோசிச்சது. காலையில பத்து மணிக்கு அத்தையைச் சமையலறைக்குக் கூட்டிட்டுப் போறாங்க, அத்தை அங்க இருக்கற தராசைச் செக் பண்ணி ஒரு நோட்டுல தேதி போட்டுக் கையெழுத்துப் போடணும், அதுதான் வேலை. அந்தத் தடிச்ச சமையல்காரர் அட்டென்ஷன்ல நிப்பாரு. முந்தாநாள் அத்தை முள்ளு கொஞ்சம் நகர்ந்திருக்குன்னு கண்டுபிடிச்சாங்க, அவரு அலட்சியமா பார்த்தா நிஜமாவே நகர்ந்திருந்துது. அன்னையிலேருந்து அவரு நடிக்கறதில்ல, உண்மையிலேயே பயப்படறாரு.

இப்ப நான் எதுக்கு எழுத உட்கார்ந்தேன்னு சொல்றேன். பன்னெண்டு நாளைக்கு முன்னாடி நாலு மணிக்குப் போயிருந்தேன். அன்னைக்கு என்னைத் தம்பின்னு தெரியல, வாங்க சார்னு சொன்னாங்க, ஏதோ கடை முதலாளின்னு நினைச்சுட்டாங்க போல. பேச்சு கொடுக்கறதுக்காக என் பர்ஸுல இருக்கற உன் போட்டோவைக் காட்டினேன், நீ வேலையில சேர்ந்த அன்னைக்கு அடையாள அட்டையோட எடுத்தது. ரொம்ப நேரம் பார்த்தாங்க. வாட்ச் பேச்சு வந்துடுமோன்னு பயந்தேன். யாரு இந்தப் பொண்ணுன்னு கேட்டாங்க. என் மகள்னு சொன்னேன். சிரிக்குது, ஆனா கண்ணு சிரிக்கல, யாராவது திட்டினாங்களான்னு கேட்டாங்க. ஆமாம்னேன். யாரு திட்டினதுன்னு இன்ஸ்பெக்டர் குரல்ல கேட்டாங்க. நீங்கதான்னு சொல்லலாம், சொன்னா அவங்களுக்கு என்ன தெரியும். அதுவுமில்லாம அது முழு உண்மையும் இல்ல. அவங்க சொன்னது நோய் சொன்னது, எனக்கு எந்த நோயும் இல்லையே. நான்தாங்கன்னு சொன்னேன். அந்தப் பொண்ணு ஏதாவது தப்பு பண்ணிச்சான்னு கேட்டாங்க. இல்ல, அது ஒரு தப்பும் பண்ணலன்னு சொன்னேன். தெரிஞ்சே திட்டினியான்னு கேட்டாங்க. ஆமாம், தெரிஞ்சேதான்னு சொன்னேன். அத்தை நாற்காலியில நிமிர்ந்து உட்கார்ந்து, பெரியவன் மன்னிப்பு கேட்கக் கூடாதுன்னு எந்தச் சட்டத்துல இருக்கு, பதினஞ்சு நாள் டயம், அதுக்குள்ள சரி பண்ணலன்னா கடையை மூடிச் சீல் வச்சிடுவேன்னு சொன்னாங்க. சொல்லிட்டுப் போட்டோவைத் தன் புடவையில துடைச்சு என் கையில குடுத்தாங்க. அடுத்த நிமிஷம் தோட்டத்துல ஒரு பூனையைப் பார்த்துப் பேச்சு மாறிடுச்சு. இதை நினைவு திரும்பினதுன்னு நினைச்சுக்காதே, திரும்பல. நீ யாருன்னு அவங்களுக்குத் தெரியாது. ஒரு போட்டோவுல ஒரு பொண்ணு கண்ணைப் பார்த்தாங்க, அவ்வளவுதான். ரெண்டு வருஷமா அந்தப் போட்டோவைத் தினம் பார்க்கறவன் நான், எனக்குத் தெரியல பாரு.

அதனால சொல்றேன் சிட்டு, நேராவே சொல்லிடறேன். அன்னைக்கு நீ எடுக்கலைன்னு எனக்குத் தெரியும். ஒரு நொடி கூட நான் சந்தேகப்படல. தெரிஞ்சும், சாப்பாட்டுப் பந்தியில சத்தம் வேணாம், சொந்தக்காரங்க முன்னாடி அக்காவை எதிர்த்துப் பேச வேணாம், மகள்தானே, பொறுத்துப்பான்னு உன்னைக் குனிய வச்சேன். அக்காவுக்கு நோய்னு அன்னைக்குத் தெரியாததை நான் சாக்காச் சொல்ல மாட்டேன், நோய் இல்லாம இருந்திருந்தாலும் உன் பக்கம் வந்து நின்னிருக்க வேண்டியது நான்தான். அப்பாவை மன்னிச்சுடு. உடனே மன்னிக்கணும்னு கட்டாயம் இல்ல, கோவம் இருந்தா அதை எழுது, நாலு பக்கம் எழுது, நான் படிப்பேன். அத்தையை மன்னிச்சுடுன்னும் நான் கேட்கல, அது உன் இஷ்டம். உண்மை என்னன்னு உனக்குத் தெரிஞ்சிருக்கணும், அதுக்காகத்தான் அத்தனையும் எழுதினேன். வாட்ச் இன்னும் கிடைக்கல. அத்தை வீட்டைக் காலி பண்ணினப்போ கிடைச்சா எல்லார் முகத்துக்கு நேரா நீட்டலாம்னு எனக்கு ஒரு நப்பாசை, மெத்தையெல்லாம் பிரிச்சுப் பார்த்தேன். அப்புறம்தான் உறைச்சுது, உன் பேரு சுத்தமாகறதுக்கு அது எதுக்குக் கிடைக்கணும்னு. இனிமே தேட மாட்டேன்.

உனக்கும் இந்த நோய் வருமோன்னு யோசிப்பே, எனக்கும் அந்தப் பயம் வந்துது, டாக்டரம்மாகிட்ட உட்கார்ந்து நானும் கடிகாரம் வரைஞ்சேன், எண்ணெல்லாம் அதது இடத்துல ஒழுங்கா இருந்துது, முத்திரையும் கேட்கல. ஆனா ஒண்ணு சொல்லி வைக்கறேன். நாளைக்கு ஒரு நாள் நானே உன் முன்னாடி வந்து என் கண்ணாடியை நீதான் எடுத்தேன்னு சொன்னா, யாரு சொன்னாலும் என்கிட்ட சாரி சொல்லாதே. முதல்ல என்கூட டிராயரைத் திற. அப்புறம் கையைப் பிடிச்சு டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போ. அம்மாவுக்கும் இதையே சொல்லியிருக்கேன். இப்பவே கூட்டிட்டுப் போகலாம் போல இருக்கேன்னு கேட்கறா.

இன்னும் ஒண்ணு செஞ்சேன், அதைச் சொல்லிட்டு முடிச்சிடறேன். உனக்கு நடந்தது நாலு சுவருக்குள்ள நடக்கல, பதினோரு பேர் முன்னாடி நடந்துது. உன்கிட்ட மட்டும் ரகசியமா மன்னிப்பு கேட்டுட்டா அது பாதிதான்னு தோணிச்சு. அதனால போன ஞாயித்துக்கிழமை போனை எடுத்து வச்சுக்கிட்டு அன்னைக்குச் சாப்பிட வந்த ஒவ்வொருத்தர்கிட்டயா பேசினேன். அம்மா பக்கத்துல உட்கார்ந்து பேரு சொல்லிக்கிட்டே வந்தா. அக்காவுக்கு நோய் இருந்துது, என் மகள் எதையும் எடுக்கல, எடுக்கலன்னு தெரிஞ்சும் அவளை மன்னிப்பு கேட்க வச்சது நான், தப்பு என்னோடதுன்னு அதே வார்த்தையில பதினோரு தடவை சொன்னேன். பெரியம்மா அழுதா, அன்னைக்கே நான் எழுந்து அந்தத் துணியை எடுத்து மடிச்சிருக்கணும்னா. ஒருத்தர் பேச்சை மாத்தினார், விடாம சொல்லி முடிச்சேன். உன் சித்தப்பாதான், என்னண்ணே நீ, எப்பவோ நடந்தது, அதையெல்லாம் இப்ப யாரு ஞாபகம் வச்சிருக்கான்னு சிரிச்சார். என் மகள் வச்சிருக்காடான்னு சொன்னேன். அப்புறம் அவரு சிரிக்கல.

கடைவாய்ப் பல்லு வலிக்குதுன்னு அம்மாகிட்டச் சொன்னியாமே, மாத்திரை போட்டு நாளைத் தள்ளாதே, இந்த வாரமே டாக்டரைப் பாரு, பார்த்துட்டு என்ன சொன்னாருன்னு என்கிட்டயே சொல்லு, போனை அம்மாகிட்டக் குடுக்க மாட்டேன். நீ போற வழியெல்லாம் நல்ல மனுஷங்க துணை இருக்கட்டும், நீ தொட்ட காரியம் துலங்கட்டும், தலை நிமிர்ந்து நூறு வருஷம் நல்லா இரும்மா.

உன் பக்கம் வந்து நிக்க ரெண்டு வருஷம் எடுத்துக்கிட்ட,
உன் அப்பா